வாசலுக்கு வரும் கடை

மளிகைக் கடையில் தராசின் முன் நின்று பொருள் வாங்கிய காலத்தில், எடை குறைந்தால் அங்கேயே கேட்டோம். புழுத்த பருப்பை அங்கேயே திருப்பினோம். இன்று தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பலருக்குக் கடையே வாசல் தேடி வருகிறது. ஆகவே அந்தச் சோதனையை வாசற்படியிலேதான் செய்தல் வேண்டும்.

கைப்பேசியில் நாம் அனுப்பும் பட்டியலைப் பார்த்துக் கிடங்கில் ஒருவர் பொருள்களை எடுத்துப் பையிலிடுகிறார். மற்றொருவர் அதனைச் சுமந்து வருகிறார். குறை நேர்ந்தால் சுமந்து வந்தவரைச் சினத்தல் முறையன்று.

பையை வாங்கியதும் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். விரைவில் கெடும் பால், தயிர், கீரை ஆகியவற்றை முதலில் பாருங்கள். பொட்டலத்தின்மேல் நிகர எடையும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. எந்த நாள் வரை பயன்படுத்தலாம் என்பதையும் படியுங்கள். இரகசிய எண் கேட்டால், பொருள் கைக்கு வந்த பின்னரே சொல்லுங்கள். குறையிருப்பின் படமெடுத்து, அன்றே நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாயார், அவ்விடத்து மொழி அறியாமையால், வந்ததை வாய் பேசாது வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. அலுவலகம் புறப்படுமுன் பட்டியலைத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். நிறுவனம் செவிசாய்க்காவிடில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அயல் மாநிலத்தில் வாழ்வதால் நம் உரிமை குன்றிமணி அளவும் குறைவதில்லை.