வெண்கார மணி
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றபடியால் நான் நீரிழிவைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். கண்ணாடி மணி செய்வதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மேற்பயிற்சிக்காக இங்கிலாந்தில் இருந்த வருடம், மாலை வகுப்பொன்றில் இதைப் பழகினேன். களிமண் பூசிய உருக்குக் கம்பியை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே, சுடரில் இளகும் கண்ணாடிக் கோலை மறு கையால் அதில் சுற்ற வேண்டும். சுழற்றுவது நின்றால் கண்ணாடி தேன்போல ஒரு பக்கம் தொங்கிவிடும். முடிந்த மணியைச் சுமார் 500 பாகை செல்சியசில் மின்உலையில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். நானுஓயாக் குளிரில், விறாந்தையில் இருந்து ஒருநாள் அவசரப்பட்டேன். மணி 'டிக்' என்று இரண்டாகப் பிளந்தது.

என்னைப் பிடித்துக்கொண்டது தாக்கம் புரியும் கண்ணாடிதான். தந்த நிறக் கோலில் கந்தகம் இருக்கிறது. நீலப்பச்சைக் கோலில் செப்பு இருக்கிறது. இரண்டும் தொடும் இடத்தில், யாரும் வரையாமலே ஒரு கரிய கோடு விழும். அது செப்புச் சல்பைட்டு. அதே நீலப்பச்சைக் கோலை ஒட்சிசன் குறைந்த சுடரில் காட்டினால் மேற்பரப்பு செங்கல் நிறமாகிவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது, பழுதாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

இது நமக்குப் புதிதல்ல. மன்னார் மாந்தைத் துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வில், அங்கே கண்ணாடி மணி செய்ததற்கான சான்றுகள் கிடைத்தன. புதுச்சேரிக் கரையில் அரிக்கமேட்டிலும் அதே தொழில். அவர்கள் விளக்கில் சுற்றவில்லை. உலையிலிருந்து நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கினார்கள். கிழக்காசியா வரை போன அந்த வகைச் சிவப்பு மணிகளுக்கு நிறம் கொடுத்ததும் செப்புத்தான். உலையில் ஒட்சிசனைக் குறைக்கத் தெரியாதவரால் அந்தச் சிவப்பை எடுக்க முடியாது.

அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது நமது ஆய்வுகூடம். உயர்தர வகுப்பில் ஐந்து பேர். பன்சன் சுடரடுப்பு இருந்தது, எரிவாயு இல்லை. மதுசார விளக்கும் ஊதுகுழலும்தான். கம்பி வளையத்தில் வெண்காரத்தை உருக்கி, மயில்துத்தம் ஒரு துணுக்குத் தொட்டு, மணியாக்கிப் பார்க்கும் சோதனை. செப்பென்றால் ஆறியதும் நீலம் என்று குறிப்பில் மனப்பாடம் செய்திருந்தோம். எனக்கும், அதே விளக்கில் செய்த என் தோழிக்கும் வந்தது சிவப்பு.

நான் கொப்பியில் 'நீலம்' என்று எழுதினேன். அவள் கண்டதை எழுதினாள். எனக்குச் சரி விழுந்தது. அவளுடையது சிவப்பு மையால் வெட்டப்பட்டது. முழு வகுப்பும் சிரித்தது, நானும் சிரித்தேன்.

சுவாலையின் நுனியில் பிடித்தால் நீலம். உள்ளே, ஒட்சிசன் எட்டாத பகுதியில் பிடித்தால் சிவப்பு. நாங்கள் உள்ளே பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான். கடற்கரையைவிட இங்கே காற்றில் ஒட்சிசன் ஆறில் ஒரு பங்களவு குறைவு. அதுவும் கொஞ்சம் உதவியிருக்கலாம். இன்று என் விடுதியில், எதிர்பார்த்த எண்ணைக் குறித்துவைக்கும் பயிற்சி வைத்தியர்களிடம் கோபப்படுகிறேன். கோபப்படும்போதெல்லாம் அந்தக் கொப்பி ஞாபகம் வரும்.

நூற்றாண்டு நிதியில் ஆய்வுகூடத்துக்கு எரிவாயு இணைப்பு எடுக்கும்படி சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். ஒரு மணியும் செய்து கொண்டுவந்திருக்கிறேன். ஒரே கோல், ஒரு பக்கம் நீலப்பச்சை, மறுபக்கம் சிவப்பு.

மூன்றாம் வரிசையில் இருக்கிறாய், எனக்குத் தெரிகிறது. இது உனக்கு. அன்றைக்கு நீ எழுதியதுதான் சரி. நான் பொய் எழுதினேன், மன்னித்துக்கொள்.