‘காதுக’ளும் வீட்டாரும்



எம். வி. வெங்கட்ராம் எழுதி 1992இல் வெளிவந்த ‘காதுகள்’ நாவல், 1993ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. கும்பகோணத்தில் சரிகை வணிகம் செய்த அவர், தம் செவிகளுக்குள் ஆண்டுக்கணக்கில் ஒலித்த குரல்களை மகாலிங்கம் என்னும் பாத்திரத்தின் அனுபவமாக்கினார். அதை வெறும் நோயென்று அவர் கொள்ளவில்லை. தெய்வத்துக்கும் தீய சக்திக்கும் நடந்த போராகவே கண்டார்.

மனம் பிறழ்ந்த ஒருவரோடு வாழ்ந்த குடும்பத்தின் வரலாற்றை அந்நூலில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். குரல்கள் பேசுகின்றன; மகாலிங்கம் அவற்றோடு போராடுகிறான்; செல்வம் கரைந்து வறுமை சூழ்கிறது. அதே கூரையின்கீழ், எந்தக் குரலும் கேளாமல் அத்தனையையும் தாங்கிய மனைவியின் உள்ளமோ ஓரத்தில்தான் நிழலாடுகிறது.

இதைக் குறை என்று ஒதுக்கிவிட இயலாது. தம் காதில் விழுந்ததை மட்டுமே ஆசிரியர் எழுதினார். பிறர் துயரைத் தம் துயராகச் சொந்தம் கொண்டாடவில்லை. வீட்டார் எழுதும் நினைவுக்குறிப்புகள் பல சறுக்குவது இவ்விடத்தில்தான். மருத்துவமனை, கோயில், மாத்திரை, செலவு எல்லாம் வரிசையாக வரும்; நோயுற்றவர் பேசிய ஒரு வாக்கியம்கூட வராது. படித்து முடித்தபின் நோயின் பெயர் நினைவில் நிற்கும்; மனிதர் நிற்கமாட்டார்.

ஜெர்ரி பிண்டோ ஆங்கிலத்தில் எழுதிய ‘எம் அண்ட் தி பிக் ஹூம்’ (2012) நாவலில் தாயின் நோயை மகன் சொல்கிறான். ஆயினும் அங்கே தாய் ஓயாமல் பேசுகிறாள், சிரிக்க வைக்கிறாள், சுடவும் செய்கிறாள். நோய்க்கு அப்பாலும் அவள் இருக்கிறாள்.

அதற்காக மௌனமே மேல் என்றும் கொள்ளலாகாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தீயில் சிக்கி, 28 உயிர்கள் மடிந்தன. வீடுகள் மறைத்துப் பேசாதவரை அத்தகைய கொட்டகைகளுக்கு ஆள் குறைவதில்லை. மறுபுறம், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் செய்திகளைக் காக்கும் கடமையை மருத்துவர்மேல் வைக்கிறது. எழுதுகோலுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. எழுதுவோர் தமக்குத் தாமே விதித்துக்கொள்வதுதான்.

வெங்கட்ராம் விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்ப முன்வரும் மகனோ மகளோ, முதலில் அந்தத் தாயிடமோ தந்தையிடமோ கேட்கட்டும். அவர் சொல்வதையும் எழுதட்டும்.