பால் ஒத்துக்கொள்ளாதது திருஷ்டியா?
(சித்தன்னவாசலில் பேசியதன் சுருக்கம்)



பால் குடித்தவுடன் வயிறு பொருமிப் பேதியாகிறவர்கள் நம் ஊர்களில் அநேகர். அதற்கு நாம் செய்வதென்ன? திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். வந்த மருமகளுக்கு என்றால் அவள் ஜாதகத்தையே குறை சொல்லுகிறோம்.

விஷயம் இதுதான். பாலில் 100 பங்குக்குச் சுமார் 5 பங்கு ஒருவகைச் சர்க்கரை. அதை இரண்டாக வெட்டினால்தான் உடம்பு ஏற்கும். வெட்டும் கத்தி, சிறுகுடலில் உள்ள லாக்டேஸ் என்னும் நொதி. தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது நிறைய உண்டு; பால் மறந்தபின் உலகில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். வெட்டுப்படாத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது. 1981-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், டில்லியில் 100-க்கு 27 பேருக்கும், தென்னாட்டில் 100-க்கு 66 பேருக்கு மேலும் பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளவில்லை. தென்னாட்டில் மூன்றில் இரண்டு பேர் மேலுமா கண் பட்டுவிட்டது?

இனி அந்தக் கத்தியை வெளியிலிருந்து பாலில் சேர்க்க முடியுமா? முடியும். கடையில் விற்கும் லாக்டோஸ் இல்லாத பாலுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட் நொதியே உதவுகிறது. ஆனால் அது பாலைக் காய்ச்சும் சூட்டில் முட்டை வெந்ததுபோல் கெட்டுவிடும்.

இந்தக் குன்றின் பாறையில் உச்சி வெயிலில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. இதைவிடச் சூடான நீரிலும் உயிர் உண்டு. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில், 70 டிகிரியில் செழிக்கும் கிருமியைப்பற்றித் தாமஸ் பிராக் 1969-ல் வெளியிட்டார். அத்தகைய கிருமிகளின் நொதி 60, 65 டிகிரியிலும் பால் சர்க்கரையை வெட்டும். வேலையும் விரைவு, அந்தச் சூட்டில் பாலைக் கெடுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை பெருகா.

நம் நாட்டு மணிகரனிலும் கொதிக்கும் ஊற்று உண்டு. ஆதிசேஷன் சீறியதால் கொதிக்கிறதென்று கதை சொல்லி முழுகிவிட்டு வந்தோம். நம் விஞ்ஞானிகள் அங்கே கிருமிகளை ஆராய்ந்தது வெகுகாலத்துக்குப் பின்புதான். கும்பிட்டவரைக்கும் அது வெந்நீர். ஏன் என்று கேட்ட பிறகே அறிவு.

ஆகவே தோழர்களே! பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிர், மோர் சாப்பிட்டுப் பாருங்கள். உறையிலுள்ள கிருமிகள் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. குழந்தைக்குப் பேதி என்றால், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து உடனே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மந்திரிப்பவன் வாசலில் காத்திருக்கும் நேரத்தில் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிடும். கயிறு அதைத் திருப்பித் தராது.