கைவிசையும் மின்விசையும்



1912ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் மின்விசைத் தொடக்கி அமைந்தது. கைப்பிடியைச் சுழற்றிக் கை முறிந்த காலம் மறையலாயிற்று. மாவரைக்கும் இயந்திரம் நம் இல்லத்தரசியரின் தோள்நோவைத் தணித்தது. மின்விசையைப் பழிப்பது நன்றி மறத்தலாகும்.

ஆயினும், 2005 சூலை 26இல் தொடங்கிய பெருமழை, நம் மும்பையின் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. வெள்ளத்தில் மின்பூட்டும் கண்ணாடியும் இயங்காமற்போகவே, கார்களுக்குள் சிக்கிச் சிலர் உயிர் நீத்தனர்.

ஆகவே, வசதியை மின்விசையிடம் விடுவோம். உயிர் காக்கும் வழியைக் கையில் வைத்திருப்போம். காரில் எட்டும் இடத்தில் சிறு சுத்தியல் இருக்கட்டும். முன்கண்ணாடி எளிதில் விலகாது. பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடியே நொறுங்கும். நீர் உயருமுன் அதன் மூலையில் ஓங்கி அடியுங்கள்.