ஆக்ஸ்போர்டு வேதாகம வகுப்பில் யாம் கற்றது



ஆக்ஸ்போர்டு நகரில் கோடை விடுமுறையில் நடைபெற்ற வேதாகம வகுப்பில் தங்கிப் பயின்ற நாங்கள், அங்குக் கண்டதைச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம். ஊர் சென்றிருந்த மாணவர்களின் அறைகளே எங்கள் இருப்பிடம். பல நாட்டாரும் நீண்ட மேசைகளில் ஒன்றாக அமர்ந்து உண்டோம். காலையில் விரிவுரை, பின்னர்ச் சிறு குழுக்களாகக் கூடி, ஒரு பகுதியை வாசித்து, வினா எழுப்பி விடை தேடினோம். எவரும் கேட்கலாம்.

முன்னாளில் அந்நகரின் நிலை வேறு. அங்குப் போதித்த ஜான் விக்கிலிப், வேதம் மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும் என்றார். அவர்தம் வழிவந்தோர் அதனை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தனர். 1409-இல் வெளியான திருச்சபை விதிகள், அனுமதியின்றி மொழிபெயர்ப்பதையும் அதைப் படிப்பதையும் தடுத்தன. 1384-இல் மறைந்த விக்கிலிப்பின் எலும்புகளை 1428-இல் தோண்டி எரித்தனர். அப்பல்கலைக் கழகத்தில் பெண்கள் தேர்வு எழுதித் தேறியும், பட்டம் பெற 1920 வரை காத்திருந்தனர்.

"உனக்குப் படிப்பு எதற்கு?" என்ற சொல்லை நம் முன்னோரும் கேட்டவர்களே. கேட்டும் பணியாது நம்மைப் பள்ளிக்கு அனுப்பினர்.

ஆகவே இளைஞர்களே, வேதமாயினும் சட்டமாயினும் பிறர் வாய்மொழியோடு அமையாது நீங்களே வாசியுங்கள். விளங்காவிடத்துத் தயங்காது கேளுங்கள். அத்தகைய வாசிப்புக் குழு ஒன்றை வாரந்தோறும் நம் சங்கக் கட்டடத்தில் நடத்துமாறு நிர்வாகிகளை வேண்டி அமைகின்றோம்.