பற்றறி வாங்குமுன் ஒரு கணக்கு

(மலையகத்திலிருந்து அளவெட்டிக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



உங்கள் மலைத் தண்ணீரில் பிறந்த லக்சபான மின்சாரம் ஒரு காலத்தில் எங்கள் அளவெட்டி வீடுகளுக்கும் வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் நின்றுபோனது, வருடக்கணக்காக வரவில்லை. பற்றறியும் தடைசெய்த பொருள். செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றவேணும். டைனமோ தரும் 3 வாட்டில் ரேடியோ பேசும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.

2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் நாடே இருண்டது. அதே வருடம் நவம்பரில் டிட்வா புயல் உங்கள் மலையகத்தை இருட்டில் தள்ளியது. அதனால்தான், "ஐயா, வீட்டுக்குப் பற்றறி பூட்டினால் பில்லும் குறையுமா?" என்று கேட்கிறீர்கள். இருட்டுக்கு உதவும், பில்லைக் குறைக்காது. கணக்கைப் பாருங்கள்.

12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈயப் பற்றறியில் 1.2 யூனிட் அடங்கும். பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் பழுதாகும். ஆகவே ஒரு தடவைக்கு 0.6 யூனிட்தான். விலை 45,000 ரூபாய், 500 தடவை உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 300 யூனிட். யூனிட் ஒன்று 150 ரூபாய். சார்ஜ் பண்ணும் செலவு வேறு. கம்பியில் வரும் மின்சாரம் இதைவிட எவ்வளவோ மலிவு. லிதியம் பற்றறி விலை கூட. ஆனால் பல மடங்கு உழைக்கும். அதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

அந்த 0.6 யூனிட்டில் 7 வாட் எல்.ஈ.டி. பல்ப் மூன்றும் போன் சார்ஜும் இரவு முழுக்கத் தாங்கும். 1,500 வாட் கேத்தல் போட்டாலோ 25 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஈயப் பற்றறி சார்ஜாகும்போது தீப்பற்றும் வாயு வரும். லயத்து அறைக்குள், அடுப்புக்கும் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது.

இனி ஸ்மார்ட் மீற்றர். எந்த நேரத்தில் எவ்வளவு எரித்தோம் என்று அது காட்டும். தானாக ஒரு சதமும் மிச்சம் பிடிக்காது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை கூட, நடுச்சாமத்தில் குறைவு என்ற நேரக் கட்டணத்தில் இருப்பவருக்கே அதனால் லாபம். நம்மைப்போன்ற வீடுகளுக்குப் பெரும்பாலும் யூனிட் படிக் கட்டணம்தான். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடின விலை. ஆகவே சாதாரண மீற்றரைக் கிழமைக்கு ஒருதரம் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 14 யூனிட்டுக்கு மேல் போனால் கையைக் கட்டுங்கள். சொந்த மீற்றர் இல்லாத லயத்தார் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், இரவில் வலியெடுக்கும் தாய்க்கும் ஒரு வெளிச்சம் வேணும். அதற்குச் சின்னப் பற்றறி போதும். பெரிசு வாங்கிக் கடன்படாதீர்கள்.