மூணு தப்பும் ஒரே தப்பு

இன்னைக்கு எபிசோடோட ஹீரோ, ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற அந்த அரைவட்ட பிளாஸ்டிக். கோணமானி.

போன வாரம் அக்கா பொண்ணு டெஸ்ட் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினா. ஆறாங்கிளாஸ் படிக்கிறா. கோணம் அளக்கிற அஞ்சு கணக்குல மூணு தப்பு. "எனக்கு மேத்ஸ் வராது மாமா"ன்னு சொன்னா. மார்க்கை விட அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துச்சு. பதினோரு வயசுல அப்படி முடிவு பண்ணிட்டா, அப்புறம் அதை மாத்துறது ரொம்ப கஷ்டம்.

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். 130 டிகிரி வரவேண்டிய இடத்துல 50. 110-க்கு 70. 35-க்கு 145. சரியான விடையையும் இவ எழுதினதையும் கூட்டிப் பாருங்க. மூணுமே 180!

அதாவது, அவ அளந்தது சரி, படிச்சதுதான் தப்பு. கோணமானியில ரெண்டு வரிசை எண்கள் இருக்கும். ஒண்ணு வலப்பக்கம் 0-ல ஆரம்பிக்கும், இன்னொண்ணு இடப்பக்கம். கோணம் எந்தப் பக்கம் திறந்தாலும் அளக்க வசதியா இருக்கட்டும்னுதான் அப்படி. அதனால ஒரே கோட்டுல 50-ம் இருக்கும், 130-ம் இருக்கும்.

அவகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். "அளக்கிறதுக்கு முன்னாடி அதுக்குப் பேர் வை." 90-க்குக் கீழன்னா குறுங்கோணம். சரியா 90-ன்னா செங்கோணம், புத்தகத்தோட மூலை மாதிரி. 90-க்கும் 180-க்கும் நடுவுலன்னா விரிகோணம், இப்போ நீங்க திறந்து வச்சிருக்கிற லேப்டாப் மாதிரி. சரியா 180-ன்னா நேர்கோணம். நாமெல்லாம் இந்தப் பேர்களை ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணினோம். ஆனா அதோட நிஜமான வேலை, கருவி சொல்றதைச் சரிபார்க்கிறது. கண்ணு விரிகோணம்னு சொல்லுது, நீ 50-னு எழுதுறேன்னா, வரிசை மாறிடுச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் வைக்கிற விதம். கோணமானியோட மையப்புள்ளி கோணத்தோட முனை மேல இருக்கணும். 0 கோடு ஒரு கை மேல படியணும். கவனிங்க, 0 கோடு! நிறைய கோணமானியில அது பிளாஸ்டிக் விளிம்புக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். அந்தக் கை எந்த வரிசையோட 0-ல படியுதோ, அதே வரிசையில இன்னொரு கையைப் படிக்கணும். கை குட்டையா இருந்தா ஸ்கேல் வச்சு நீட்டிக்கலாம், கோணம் மாறாது.

மறுபடி அஞ்சையும் போட்டா. ஒவ்வொண்ணுக்கும் "விரி", "குறு"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் கோணமானியையே எடுத்தா. அஞ்சும் சரி.

உடனே அடுத்த கேள்வி: "180-ஐத் தாண்டினா என்ன மாமா பண்றது?" அது பின்வளைகோணம். உள்பக்கம் இருக்கிற சின்னக் கோணத்தை அளந்து 360-ல கழிச்சுடுன்னேன்.

மேத்ஸ் வராதுன்னு சொன்ன பொண்ணு கேட்ட கேள்வி அது. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.